பரமநாதன் அண்ணையின் கறுப்புப் புத்தகம்

1

பரமநாதன் அண்ணை சாத்தானைக் கும்பிடுகிறார் என்று நான் மனதார நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு சொன்னால், நான் செய்த மற்ற மடைத்தனங்களுக்குப் பக்கத்தில் இது சின்னதாகத் தெரிந்து, நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடும்.

அவருக்கு வயது எழுபதை எட்டுகிறது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியம் பார்த்தவர். ஜேர்மனியின் இந்த நகரத்துக்கு என்னைவிடப் பத்து வருடம் முந்தி வந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் மேடைப் பொறுப்பு அவருடையது. அந்த மேடையில் சினிமாப் பாட்டு ஏறக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவருக்குச் 'சீமெந்து' என்று பட்டம் வைத்தவன் நான். பார்த்த வேலைக்கும் பொருந்தியது, ஆளின் இறுக்கத்துக்கும் பொருந்தியது.

இந்த மனிதர், மாதத்தில் ஒரு நாள், நான் வேலை செய்யும் ரயில் நிலையப் பத்திரிகைக் கடைக்கு வந்து, அட்டையில் மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் ஓர் இசைச் சஞ்சிகையை வாங்கிக்கொண்டு போவார். கொண்டுவந்த பையில் லீக்ஸ் மரக்கறிக் கட்டுக்குக் கீழே அதைத் தள்ளி, மேலே சைவ மலர் ஒன்றை வைப்பார். பஸ் அட்டை வாங்கும்போது என்னோடு தமிழில் கதைக்கிறவர், இதை வாங்கும்போது மட்டும் ஜேர்மன் மொழியில் கதைப்பார். "அந்தக் கறுப்பு, தயவுசெய்து" என்பார். நானும் முன்பின் தெரியாத ஆளைப் போல "நன்றி, நல்ல நாளாக அமையட்டும்" என்பேன். இரண்டு யாழ்ப்பாணத்தார் இப்படி நாடகம் போட்டதை அந்த நிலையத்துப் புறாக்கள் மட்டுமே பார்த்தன.

இந்த வருடப் பொங்கல் விழாவுக்கும் என்னையே அறிவிப்பாளராக நிற்கச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

2

கடையில் இசைச் சஞ்சிகைகளுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அதைத் துடைப்பதும் அடுக்குவதும் என் வேலை. பதினொரு வருடமாக அடுக்குகிறேன். ஓர் ஆள் கதவால் வரும்போதே எந்தச் சஞ்சிகையில் கைவைப்பார் என்று சொல்லிவிடுவேன் என்பது என் பெருமை. இந்த நாட்டில் நான் படித்த ஒரே படிப்பும் அதுதான்.

சாஸ்திரிய இசைச் சஞ்சிகை தடித்த வழுவழுப்பான தாளில் வரும். அட்டையில் யாராவது ஒருவர் வயலினை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். உள்ளே கைக்கடிகாரம், கப்பல் சுற்றுலா, காது கேட்கும் கருவி ஆகியவற்றின் விளம்பரங்கள். வாங்குகிறவர்கள் அதை மடிக்க விடமாட்டார்கள். இந்த நாட்டு மலைக்கிராமப் பாட்டுச் சஞ்சிகையில் எல்லோருக்கும் பல் வெள்ளை, புல் பச்சை. நடுப்பக்கத்தில் சூப் செய்முறை, கடைசிப் பக்கத்தில் குதிகால் வலிக்கான செருப்பு. அதை வாங்கும் பெண்மணிகள் முழங்கால் நோவைப் பற்றி என்னிடம் சொல்லாமல் போனதில்லை. ராப் பாட்டுச் சஞ்சிகையை ஒருவரும் வாங்குவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரித்து அதில் இருக்கிற சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். கணினியில் செய்யும் இசைக்கு ஒரு வெள்ளி நிறச் சஞ்சிகை. எழுத்து எறும்பை விடச் சின்னது. படம் எல்லாம் திருகும் குமிழ்கள். ஜாஸ் சஞ்சிகை ஒன்றே ஒன்று வரும், ஒரே பேராசிரியர் வாங்குவார். அவர் விடுமுறையில் போனால் அந்த இசைக்கே இந்த நகரத்தில் விடுமுறை.

கறுப்புப் புத்தகம் 'மெட்டல்' இசைக்கானது. மின்கிதார் உறும, இரட்டை மேளம் இடிக்க, பாடுகிறவர் தொண்டையைக் கிழிக்கிற இசை. மாதம் மூன்று பிரதி வரும். ஒன்றை எங்கள் தெருப் பல் வைத்தியரின் உதவியாளப் பெண் வாங்குவாள். முதல் தடவை அவள் வந்தபோது சூப் செய்முறைச் சஞ்சிகையை நான் எடுத்து நீட்டி அவமானப்பட்டேன். ஒன்று பரமநாதன் அண்ணைக்கு. மூன்றாவது விற்காது. விற்காததை எண்ணி, கட்டி, படிவம் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த நாட்டில் விற்காத மண்டையோட்டுக்கும் ஒரு படிவம் உண்டு.

இந்தக் கறுப்புப் புத்தகத்தைப் பற்றி என் மகள் அபியிடம் விசாரித்தேன். பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லுகிற பருவம். அன்று அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

"அவை நல்ல ஆக்கள், அப்பா. கச்சேரியிலை ஆராவது விழுந்தால் எல்லாரும் நிண்டு தூக்கிவிடுவினம்."

"எங்கடை விழாவிலை விழுந்தால்?"

"படம் எடுப்பினம்."

அதற்குப் பிறகும் நான் சாத்தானையே நம்பினேன்.

3

எனக்கு ஊர் நீர்வேலி. அப்பா வாழைக்காரர். கிழமையில் ஒரு நாள் சாவகச்சேரிச் சந்தைக்குக் குலை கொண்டுபோவார். சந்தையடி பஸ் நிலையத்தில் அப்போது சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். ஒரு படத்துக்கு ஒரு புத்தகம், எட்டுப் பக்கம், கைபட்டால் மை ஒட்டும் தாள். அட்டையில் கதாநாயகியின் கண் ஓரிடத்திலும் அதற்குரிய மை வேறோரிடத்திலும் இருக்கும். எங்கள் ஊரிலும் புத்தகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லலாம். கோவில் திருவிழா மலர் வீட்டு மேசையில் கிடந்தால் அது தேவாரம், தவில், நாதஸ்வர வீடு. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயக் கீதப் புத்தகம் என்றால் வேதக்கார வீடு, நிச்சயம் ஒரு கிதாரும் இருக்கும். பாட்டுப் புத்தகம் என்றால் அது மேசையில் கிடக்காது. பாயின் கீழே, அரிசிப் பானைக்குப் பின்னால், என்னைப் போன்றவனின் பள்ளிக்கூடச் சமயப் புத்தகத்துக்கு நடுவே கிடக்கும்.

அப்பாவுக்குத் தேவாரத்தைத் தவிர மற்றதெல்லாம் சத்தம். ஒருமுறை சந்தையால் வந்தவர், வெறும் கடகப் பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே வாழைச் சருகுக்கு மேலே புத்தம்புதிய பாட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது.

"இதென்ன அப்பா?"

"குலை சுத்த வாங்கினது. வேண்டுமெண்டால் எடு."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "எங்கடை அப்பர் பாட்டுப் புத்தகத்தாலை வாழைக்குலை சுத்தப் போறாராம்!" முழு வகுப்பும் சிரித்தது. நான் முதன்முதலாக ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தது அன்றுதான். ருசி பிடித்துக்கொண்டது.

அந்தப் புத்தகம் எட்டுப் பக்கம். அதால் ஒரு சீப்பைக்கூடச் சுத்த முடியாது. இந்தக் கணக்கைப் போட எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. அப்பா இப்போது இல்லை.

4

போன வருடப் பொங்கல் விழாவுக்கு வருவோம். அபி சினிமாப் பாட்டுக்கு ஓர் ஆட்டம் பழகியிருந்தாள். மூன்று மாதப் பழக்கம். பரமநாதன் அண்ணை நிகழ்ச்சிப் பட்டியலில் அதற்கு மேலால் ஒரு கோடு போட்டார்.

"தம்பி, ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்."

"சின்னப் பிள்ளை, அண்ணை."

"சின்னப் பிள்ளையிலைதான் எல்லாம் துவங்குது."

அவர் அதைச் சொன்ன குரலில் ஏதோ ஒன்று இருந்தது. நான் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம். அவருடைய மகன் சில வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போனதும், அந்தப் பேச்சை அவர் முன்னால் ஒருவரும் எடுப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எதற்குப் போனான் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

விழாவன்று ஒலிவாங்கி என் கையில். மண்டபம் நிறைந்த சனம். பரமநாதன் அண்ணை முதல் வரிசையில், பட்டு வேட்டி சால்வையோடு. நான் சொன்னேன்:

"இந்த மேடையிலை சினிமாப் பாட்டுக் கூடாது. சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் மண்டையோட்டுப் புத்தகம் வாசிக்கலாமாம்! ஒருத்தர் மாசாமாசம் எங்கடை கடையிலை வாங்கி, சைவ மலருக்குக் கீழை வைச்சுக் கொண்டுபோறார். பேர் சொல்லமாட்டன். ஆள் கொஞ்சம் இறுக்கம். தண்ணி விட்டால் இன்னும் இறுகும்."

மண்டபம் அதிர்ந்தது. பட்டம் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் யாரோ "சீமெந்து!" என்று கத்தினார்கள். பரமநாதன் அண்ணையும் சிரித்தார். சால்வையை எடுத்து மடித்து மறு தோளில் போட்டபடி சிரித்தார். அவர் கோபித்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டி வந்திராது.

வீட்டுக்கு வரும் வழியில் அபி காதில் இருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அது உங்கடை கடைக்கு வாற ஒராளின்ரை விஷயம்தானே? அதைச் சொல்லலாமோ?"

"பகிடி, பிள்ளை."

அவள் திரும்பவும் காதில் மாட்டிக்கொண்டாள்.

5

அடுத்த மாத இதழ் வந்தது. பல் வைத்தியரின் உதவியாளப் பெண் வந்து வாங்கிப் போனாள். பரமநாதன் அண்ணை வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை.

நான் முதலில், ஆளுக்கு நெஞ்சு வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு என்மேல் வழக்குப் போடப் போகிறார் என்று நினைத்தேன். வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியில் சொன்னால் இங்கே தண்டனை உண்டா என்று தேடிப் பார்த்தேன். அதற்கும் பிறகு, சாத்தானுடைய ஆட்கள் வீட்டுக்கு வருவார்களோ என்று யோசித்தேன். நான் நீர்வேலியில் வளர்ந்து, பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் சித்தியடைந்தவன் என்பதை இங்கே நினைவூட்டிக்கொள்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. சாத்தானின் முகத்தை நேரில் பார்த்துவிடுவோம் என்று அந்தக் கறுப்புப் புத்தகத்தை முதன்முதலாக விரித்தேன்.

உள்ளே தாடிக்காரர்கள் மிகவும் மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேளத்தோலை எந்த இறுக்கத்தில் கட்டுவது என்று நான்கு பக்கக் கட்டுரை. காதைப் பாதுகாக்கும் அடைப்பானுக்கு முழுப்பக்க விளம்பரம். வாசகர் கடிதத்தில் ஒருவர், போன மாதம் கச்சேரியில் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தந்தவருக்கு நன்றி சொல்லியிருந்தார். நான் சூப் செய்முறையைக்கூட எதிர்பார்க்கத் தொடங்கினேன். கடைசிப் பக்கங்களில் எந்தக் குழு எந்த நாளில் எந்த நகரத்தில் வாசிக்கிறது என்ற பட்டியல். அதில் எங்கள் நகரத்தின் பெயர். நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இளைஞர் மண்டபம், வருகிற சனிக்கிழமை மாலை ஏழு மணி. பக்கத்தில் தீப்பெட்டி அளவில் அந்தக் குழுவின் படம். படத்துக்குக் கீழே நான்கு பெயர். கடைசிப் பெயர்: மேளம், ஆதவன் பரமநாதன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார்கள். எங்களுக்கு அப்பாவின் பெயரும் எங்கள் பெயரும்தான் உண்டு. படிவத்திலோ இரண்டு பெட்டி. அதிகாரி கடைசியில் நின்ற பெயரைத் தூக்கிக் குடும்பப் பெட்டியில் போட்டுவிட்டார். அன்று முதல் பரமநாதன் அண்ணையின் மனைவியும் பரமநாதன், மகனும் பரமநாதன், மகளும் பரமநாதன். வைத்தியசாலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேரும் எழும்புவார்கள். மகன் மிருதங்கத்தை விட்டு இந்த மேளத்துக்குப் போனபோது, "இனி என்ரை பேரைச் சொல்லிக்கொண்டு திரியாதை" என்று வாசலில் வைத்துச் சொன்னாராம். இது எனக்குப் பிறகு தெரிய வந்தது. சொன்னது சொன்னதுதான், ஆனால் பெயரை மாற்ற இங்கே வலுவான காரணம் காட்ட வேண்டும். அப்பர் ஏசினார் என்பது காரணமாகாது. ஆகவே அவன் எங்கே போனாலும் அவருடைய பெயர் கூடப் போனது. அது அச்சாகும் இடத்தை மாதாமாதம் அவர் வாங்கினார்.

என் கையில் மூன்று நாள் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன், முதலில் வசனத்தை யோசிப்போம் என்று விட்டேன். வியாழக்கிழமை மழை. தொலைபேசிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை அவர் விரதம், விரத நாளில் மண்டையோட்டுக் கதை எடுக்கலாமா? சஞ்சிகையை மட்டும் என் பெயரில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏதோ பெரிய காரியம் செய்தது போல நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

6

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில் ஒரு பொடியன் கடைக்குள் வந்தான். பொடியன் என்றால் முப்பது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, நீளத் தலைமுடி, முதுகுப் பையிலிருந்து இரண்டு மேளத் தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இசைத் தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மூக்கு அப்படியே பரமநாதன் அண்ணை.

"வணக்கம், அங்கிள். என்ரை அப்பா இஞ்சை வாறவரோ?"

"ஆர்... பரமநாதன் அண்ணையோ?"

"ஓம். தங்கச்சி சொன்னவ, மாசாமாசம் இஞ்சைதான் வாங்கிறவராம். சாமியறை அலுமாரிக்குப் பின்னாலை அடுக்கி வைச்சிருக்கிறாராம்." சிரித்தான். அவன் கையில் ஒரு வெள்ளை உறை இருந்தது, அதிலிருந்து நுழைவுச் சீட்டின் ஓரம் எட்டிப் பார்த்தது. "இந்த மாசம் வந்தவரோ?"

நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம் இதுதான்: தம்பி, நான் ஒரு விசரன், என்னுடைய பகிடியால் அவர் வரவில்லை, வீடு நாலு பஸ் தரிப்பிடம்தான், வா கூட்டிக்கொண்டு போகிறேன். இன்றைக்கு எழுத எவ்வளவு இலகுவாக இருக்கிறது பாருங்கள்.

"இப்ப வாறேல்லை" என்றேன்.

"வாறேல்லையோ?"

"இந்த மாசம் வரேல்லை."

"ஓகே" என்றான். உறையைப் பார்த்தான், சட்டைப் பைக்குள் வைத்தான். "அம்மா சுகமோ?"

"சுகம்."

மௌனத்தை என்னால் தாங்க முடியாது. அது என் வியாதி. "உந்த மேளம் அடிச்சும் காது கேக்குதோ?" என்று கேட்டேன். அவன் மரியாதைக்குச் சிரித்து, இரண்டு போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனான்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஏழு மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம். தொலைபேசி எடுத்தேன். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எடுத்தார்.

"அக்கா, அண்ணை நிக்கிறாரோ?"

"நிக்கிறார், பாவக்காய் வெட்டிறார். குடுக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம்... அந்தப் பொங்கல் பானை, பெரிசு, அது உங்கடை வீட்டிலையோ நிக்குது?"

"ஓம், இஞ்சைதான் கிடக்கு. வந்து எடுங்கோவன்."

"நாளைக்கு வாறன், அக்கா."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி மஞ்சு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வியாழக்கிழமையே கதை தெரியும்.

"மைக்கைத் தந்தால் ஊருக்கே சொல்லுவியள். ரெலிபோனைத் தந்தால் பானை கேப்பியள்."

7

ஞாயிற்றுக்கிழமை காலமை போனேன். பரமநாதன் அண்ணை பானையைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தார். நான் பையிலிருந்து கறுப்புப் புத்தகத்தை எடுத்துப் பானைக்கு மேலே வைத்தேன். கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, நாளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார்.

"நேற்று" என்றார்.

"ஓம், அண்ணை."

"உமக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

நான் உளறினேன். "அண்ணை, போனிலை பார்த்திருக்கலாமே, அதிலை எல்லாம் வரும்..."

"போனிலை பார்த்தால் நான் பார்த்தது அவனுக்குத் தெரியும். நீலக் கோடு விழும்."

"அது மெசேச்சுக்கு மட்டும், அண்ணை."

"என்னவோ. பேப்பர் ஒருத்தருக்கும் சொல்லாது."

பேப்பர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இதை அவர் சொல்லிக் காட்டவில்லை. படத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். நான் மிச்சத்தையும் சொன்னேன். அவன் கடைக்கு வந்தது, அப்பா வாறவரோ என்று கேட்டது, கையில் வைத்திருந்த உறை.

"அவனுக்குத் தெரியுமோ நான் வாங்கிறது?"

"ஓம். தங்கச்சி சொல்லியிருக்கிறா."

"நீர் என்ன சொன்னீர்?"

"இப்ப வாறேல்லை எண்டு."

அவர் புத்தகத்தை மூடினார். மண்டையோடு எங்கள் இருவரையும் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"அவனுக்கு எடுத்துச் சொல்லட்டோ, அண்ணை? நான் செய்த பிழை, நானே..."

"நீர் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம்."

நான் பானையைத் தூக்கினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன்.

"தம்பி, ஆள் மெலிஞ்சு போனானோ?"

"இல்லை, அண்ணை. நல்லாத்தான் இருக்கிறான்."

"அடிக்கிற மேளத்துக்கு நல்லாச் சாப்பிட வேணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்தார். "அந்தக் கறுப்பைத் தாரும்" என்று தமிழில் கேட்டார். லீக்ஸுக்குக் கீழே வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டு போனார். நான் ஒரு பகிடியும் விடவில்லை. அந்தக் குழு இதுவரை மறுபடி இந்த நகரத்துக்கு வரவில்லை.

அவர் சாத்தானைக் கும்பிடவில்லை. மூன்று வருடமாக, ஒரு மாதமும் தவறாமல், மகன் எந்த ஊரில் நிற்கிறான் என்று பார்த்தார். அவன் எங்கள் ஊரில் நின்ற மாதத்து இதழ் மட்டும் அவருக்கு ஒரு நாள் பிந்திக் கிடைத்தது.